புதன்கிழமைக் கிலோமீட்டர்கள்

ஜனவரி 2, புதன்

பெனிட்டா ஒரு டைரி கொடுத்தாள். ஏதோ உரக்கடைக்காரர் அவளுக்கு இலவசமாகக் கொடுத்தது. முதல் பக்கத்தில் மூட்டை படம் போட்டிருக்கிறது. "ஆப்ல போடலாமா வேண்டாமான்னு குழப்பற செலவையெல்லாம் தேதி போட்டு இதுல எழுதி வைங்கக்கா. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள நான் படிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றாள். எனக்கு வருமான வரிக் கணக்குப் பார்க்கிற பெண் அவள். டவுன்ஹாலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஆபீஸ். வயது இருபத்தெட்டு, பேச்சு ஐம்பது.

ஆப்பும் அவள் ஏற்பாடுதான். போன வருஷம் ஒரு துணிக்கடைப் பை நிறைய பில்களைக் கொண்டுபோய் அவள் மேஜையில் கொட்டினேன். பாதி பில்லில் எழுத்தே மறைந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, ஜூலையில் என் போனை வாங்கி இதைப் போட்டுவிட்டாள். பில்லைப் படம் எடுத்தால் போதும். தொழில் செலவா, வீட்டுச் செலவா என்று கேட்கும். வண்டியைக் கிளப்பினால் எத்தனை கிலோமீட்டர், எங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தானாகவே குறித்துக்கொண்டு, 'பயணத்தின் நோக்கம்?' என்று கேட்கும். என்னைக் கட்டியவன்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டான்.

தொழில்: மீன் தொட்டி பராமரிப்பு. கோயம்புத்தூரில் பதினேழு தொட்டிகள். பல் ஆஸ்பத்திரி, நகைக்கடை, மற்றதெல்லாம் வீடுகள்.

இன்றைய சந்தேகச் செலவு: ஆனைகட்டி ரோட்டு ஓட்டல். போக வர நாற்பத்தெட்டு கிலோமீட்டர். காய்ந்த இறால் ஒரு பாக்கெட். ஓட்டல் ஜூலைக் கடைசியில் மூடிவிட்டது. மீன் இன்னும் மூடவில்லை. தொழில் என்று போட்டிருக்கிறேன்.

ஜனவரி 5, சனி

நகைக்கடைத் தொட்டியில் பாசி. வடிகட்டி ஸ்பாஞ்ச் இரண்டு வாங்கினேன். பில் உண்டு, சந்தேகம் இல்லை.

ஜனவரி 9, புதன்

பெனிட்டா படிக்கப்போகிறாள் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அந்த ஓட்டலின் முன்கூடத்தில் சுவரோடு பதித்த ஆறடித் தொட்டி. அதில் ஒரே ஒரு மீன், வெள்ளி அரோவானா, இரண்டரை அடி நீளம். முதலாளி வாஸ்துவுக்காக வாங்கியது. வாஸ்து மீன் இருக்கிறது, முதலாளிதான் இல்லை. "ஒரு மாசம் பாத்துக்குங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனவர் கடனுக்குப் பயந்து போனையும் அணைத்துவிட்டார். மேனேஜர் பெயர் தெய்வசிகாமணி. ஐம்பத்தொரு வயது, ஒண்டிக்கட்டை. அவருக்கும் அன்றிலிருந்து சம்பளம் இல்லை. பின்கட்டில் ஒரு அறையில் இருந்துகொண்டு காவல் காக்கிறார். யாரும் வராத ஓட்டலில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறார்.

நாற்காலிகளையெல்லாம் வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கிறது. பச்சைக் கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் விழும்போது கூடம் முழுக்கவே தொட்டிக்குள் இருப்பது போலத் தோன்றும். மலைப் பக்கத்து மூடுபனி பத்து மணி வரை வாசலில் நிற்கும். மீன் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாகப் போய், திரும்பி, மறுபடி வரும். பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியாது. அதனால்தான் ஆப் 'இங்கே 1 மணி 50 நிமிடம்' என்று காட்டுகிறது. பல் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நிமிடம் ஆகிறதே என்று பெனிட்டா கேட்பாள். பெரிய தொட்டி, கண்ணு. தண்ணீர் மெதுவாக இறங்குகிறது.

அவர் கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி தந்தார். செலவு இல்லை.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். நானும் குக்கரும்.

ஜனவரி 23, புதன்

தண்ணீர் உறிஞ்சுகிற குழாயைத் தொட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து, "ஏனுங் மேடம், ஒரு சேதி" என்றார்.

ஓட்டலை வங்கிக்காரர்கள் விற்றுவிட்டார்களாம். பிளைவுட் கம்பெனி ஒன்று வாங்கியிருக்கிறது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கூடம் குடோனாகப்போகிறது.

"மீனுங்க?" என்றேன்.

"கேட்டனுங்க. எங்களுக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போயிருங்கன்னுட்டாங்க."

"நீங்க?"

"திருப்பூர்ல அக்கா மக இருக்குதுங்க. அவ வூட்டுக்காரரு பனியன் கம்பெனியில சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காரு. ஏப்ரல் ஒண்ணாந்தேதி வரச் சொல்றாங்க."

நல்லதுதானே என்றேன். நல்லதுதான். ஆறு மாதம் சம்பளமில்லாமல் யார் இருப்பார்கள். எனக்கு மீனைப் பற்றித்தான் கவலை. இரண்டரை அடி மீனை யார் வாங்குவார்கள்.

திரும்பி வரும்போது தடாகம் ஊரருகே வண்டியை ஓரங்கட்டி நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. ஆப் அதையும் குறித்திருக்கிறது: 14 நிமிடம். நோக்கம்? ஒன்றும் போடவில்லை.

ஜனவரி 31, வியாழன்

ஆப் மாத அறிக்கை அனுப்பியது. அதிக நேரம் செலவிட்ட வாடிக்கையாளர், அதிக தூரம் பயணம் செய்த வாடிக்கையாளர், பணம் வராத வாடிக்கையாளர். மூன்றுக்கும் ஒரே பெயர். மீன் தொட்டிக்காரியை இப்படி வேவு பார்ப்பதற்கு மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்டுகிறேன். அது தொழில் செலவு.

பிப்ரவரி 6, புதன்

அவர் நகக்கண்ணில் மண். இஸ்திரி சட்டைக்கும் அதற்கும் பொருந்தவில்லை. என்ன என்று கேட்டேன்.

"பக்கத்துல ஒரு வாழைத் தோட்டமுங்க. காலையில சும்மா போயி மண்ணு அணைச்சுட்டு வர்றேன்."

"சும்மாவா?"

"கூலி குடுப்பாங்க. பொழுது போகோணுமில்லீங்களா."

ஐம்பத்தொரு வயதில் பொழுதுபோக்குக்கு மண்வெட்டி. எனக்குக் கோபம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் இங்கிலீஷில் பேசி அறைச் சாவி கொடுத்தவர். கோபத்தில் தொட்டிக் கண்ணாடியைத் தேய்த்த தேய்ப்பில் மீன் மிரண்டு மூலைக்குப் போய்விட்டது. என் கோபம் எனக்கே அதிகமாகத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 13, புதன்

குழாய் ஓடிக்கொண்டிருந்தபோது வெள்ளைத் துணி போட்ட நாற்காலியில் கண் அயர்ந்துவிட்டேன். ஒரு கனவு. கூடத்தில் கூரை வரைக்கும் தண்ணீர். அறைச் சாவிகள் எல்லாம் ஆணியிலிருந்து கழன்று மேலே மிதக்கின்றன. நான் நீந்திப் போகிறேன், மூச்சு முட்டவில்லை. அவர் ரிசப்ஷனில் தண்ணீருக்குள் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதுகிறார், மை கரையவில்லை. "எத்தனை நாள் தங்கறீங்க?" என்று கேட்கிறார். சொல்ல வாயைத் திறக்கிறேன், விழிப்பு வந்துவிட்டது.

எழுந்து பார்த்தால் அவரே குழாயை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, குளோரின் முறிக்கிற சொட்டு மருந்தும் விட்டிருந்தார். நான் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். பத்து லிட்டருக்கு எத்தனை சொட்டு என்பது வரை சரி.

இந்தப் பக்கத்தை பெனிட்டாவிடம் கொடுப்பதற்கு முன் கிழித்துவிட வேண்டும்.

பிப்ரவரி 22, வெள்ளி

பெனிட்டா ஆபீஸ். ஆப்பைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓட்டல் பக்கத்துக்கு வந்ததும் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, ஆகஸ்ட்ல இருந்து முப்பது தடவை போயிருக்கீங்க. பத்துப் பைசா வரவு இல்ல. இத எப்படித் தொழில் செலவுன்னு கழிக்கறது?"

"வாடிக்கையாளர்தானே கண்ணு. பின்னால தருவாங்க."

"ஓடிப்போன முதலாளி தருவாரா? ஆபீசர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? வரவே வராத எடத்துக்கு ஒருத்தர் வாரா வாரம் போனா அது தொழில் இல்லக்கா."

"அப்ப என்ன?"

"அத நீங்கதான் சொல்லோணும்" என்று சிரித்தாள். "மேனேஜர் எப்படி இருக்காரு?"

மேனேஜரைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை என்று நினைத்திருந்தேன். எல்லாப் பேச்சிலும் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. மீன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று முறைத்துவிட்டு வந்துவிட்டேன். அதோடு இன்னொரு வேலையும் கொடுத்தாள். வங்கிக்கு வந்த பணத்தில் 'யாரென்று தெரியாதவை' என்று ஆப்பில் ஒரு பட்டியல் இருக்கிறதாம், அதைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். என் வாடிக்கையாளர்கள் தங்கள் போனிலிருந்து பணம் அனுப்பவே மாட்டார்கள். வீட்டு மீனுக்கு மச்சான் அனுப்புவார், கடை மீனுக்கு மருமகள் அனுப்புவாள். நானும் பெயரைப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 27, புதன்

இன்று போகவில்லை. அது தொழில் இல்லையாமே.

வீட்டில் துணி துவைத்தேன், அலமாரி அடுக்கினேன், பதினொரு மணிக்கே சாப்பிட்டேன். மத்தியானம் ஆப் கேட்டது: 'வழக்கமான புதன்கிழமைப் பயணத்தைத் தொடங்கவில்லையா?' போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 6, புதன்

போனேன். மீன் ஒரு வாரமாகச் சரியாக இரை எடுக்கவில்லையாம். அவரும் எடுக்கவில்லை போலிருக்கிறது, கன்னம் ஒட்டிக் கிடந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கே வந்துவிட்டார்.

"போன வாரம் வரலீங்களே. எதாச்சும் தப்பாயிருச்சுங்களா?"

"என்ன தப்பு? ஒடம்பு சரியில்ல" என்று பொய் சொன்னேன்.

"இல்ல, நான் மூணாந்தேதியே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அப்புறம், "ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார்.

நான் கையில் வைத்து நீட்டிய இறாலை மீன் வந்து எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் மூன்று புதன்கிழமைகள்தான். கிளம்ப மனம் வரவில்லை. மீனுக்காக என்று எழுத வந்தேன். மீனுக்காக மட்டும் இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

தெரியாதவர் பட்டியலோடு உட்கார்ந்தேன். பத்தொன்பது பெயர்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எந்தத் தொட்டிக்காக அனுப்பினீர்கள் என்று கேட்டு ஆப்பில் சேர்த்தேன். பன்னிரண்டாவது பெயர் நிர்மலா. ஆகஸ்டிலிருந்து மாதா மாதம் மூன்றாம் தேதி ஆயிரத்து ஐந்நூறு. எட்டு முறை.

"மீன் தொட்டி வனிதாமணி பேசறேனுங்க. நீங்க எந்த வூட்டுத் தொட்டிக்குப் பணம் அனுப்பறீங்க?"

"நான் திருப்பூர்ல இருக்கறனுங்கக்கா. எங்க வூட்டுல தொட்டியெல்லாம் இல்லீங்க. எங்க மாமா போன்ல இந்தப் பணம் அனுப்பற வசதி இல்ல. அவரு எங்கிட்ட ரூபாய் குடுத்து விடுவாரு, நான் உங்களுக்கு அனுப்பறேன்."

"மாமா யாருங்க?"

"தெய்வசிகாமணிங்க. ஆனைகட்டி ரோட்டுல ஓட்டல்ல மேனேஜரா இருந்தாருங்களே."

போனை வைத்துவிட்டு ஆப்பில் ஓட்டல் பக்கத்தைத் திறந்தேன். ஜூலையில் எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தேன்: 'மாதம்தோறும் பில் தானாகச் செல்லட்டும்'. ஓட்டலுக்கு நான் கொடுத்திருந்தது மேனேஜரின் நம்பர். எட்டு பில்கள். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்து, படித்த அடையாளம். அது போதாதென்று பணம் வந்த பிறகும் நினைவூட்டல் வேறு அனுப்பியிருக்கிறது, வந்தது யார் பணம் என்று அதற்குத் தெரியாதே: 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் நிலுவைத் தொகையைச் செலுத்தி எங்கள் சேவையைத் தடையின்றிப் பெறுக.'

சம்பளமில்லாத மனிதருக்கு நான் மாதா மாதம் இதை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் வாழைக்கு மண் அணைத்துக் கட்டியிருக்கிறார். கட்டிவிட்டு, நான் போனால் காப்பியும் போட்டுக் கொடுத்திருக்கிறார். வெட்கத்தில் உடம்பெல்லாம் சுட்டது. அழுதேன். எழுதிவிட்டேன், பெனிட்டா படித்தால் படிக்கட்டும்.

மார்ச் 13, புதன்

வங்கியில் பன்னிரண்டாயிரம் எடுத்துக்கொண்டு போனேன். ரிசப்ஷன் மேஜையில் வைத்தேன்.

"என்னுங்க இது?"

"நீங்க கட்டின பணம். அந்த பில் நான் அனுப்பல. ஆப் தானா அனுப்பிருக்குது. எனக்குத் தெரியாது, சத்தியமா."

அவர் பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க இத்தன நாளும்..."

"சும்மாதான் வந்தேன்."

தொட்டியில் காற்றுக் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஓட்டல் மூடிப்போச்சு, இனி காசு வராதுன்னு சொல்லியிருக்கலாமில்ல" என்றேன். "எதுக்கு உங்க கையில இருந்து கட்டுனீங்க?"

"கட்டலீன்னா நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சனுங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார், காப்பிக்கு இனிப்பு போதுமா என்று கேட்கிற குரலில். நான் குழாயை எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன்.

பணத்தை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "வேலை செஞ்சீங்க, கூலி அது." நானும் திரும்ப எடுக்க மாட்டேன் என்றேன். கடைசியில் அந்தப் பணத்துக்கு ஒரு ஆறடித் தொட்டி வாங்கி என் வீட்டு ஹாலில் வைப்பது, மீன் என்னோடு வருவது என்று முடிவாயிற்று. மீனுக்கு வழி பிறந்தது. முப்பத்தொன்றாம் தேதி மட்டும் அங்கேயே நிற்கிறது.

மார்ச் 20, புதன்

தொட்டி வந்துவிட்டது. சோபாவை வாசலுக்குத் தள்ளியாயிற்று. தொட்டி பில்: வீட்டுச் செலவு. யோசிக்கவே இல்லை.

பெரிய மீனைப் புதுத் தண்ணீரில் சட்டென்று விடக்கூடாது. பழைய தண்ணீரில் பாதி கூடவே வர வேண்டும், வடிகட்டி ஸ்பாஞ்சையும் கழுவாமல் அப்படியே கொண்டுவர வேண்டும். அந்த அழுக்கில்தான் அதற்குப் பழக்கமான உயிர் எல்லாம் இருக்கிறது. சொன்னேன். "நான் கொண்டாறனுங்க" என்றார்.

மார்ச் 24, ஞாயிறு

தினமும் வருகிறார். மொபெட்டில் இரண்டு பக்கமும் இருபது லிட்டர் கேன். வந்து, ஊற்றி, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டு அம்மா, "நம்ம வடவள்ளியில தண்ணிப் பஞ்சமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 27, புதன்

மீன் வந்துவிட்டது. ஈரச் சாக்கு, பெரிய பை, வாடகை வேன். அவர் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தொட்டியில் இறக்கியதும் அடியில் போய்க் கல் மாதிரி கிடந்தது. அரோவானா குதிக்கும் என்று மூடிமேல் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தேன். அது குதிக்கிற நிலைமையில் இல்லை.

மார்ச் 29, வெள்ளி

பெனிட்டா முழுக் கதையும் கேட்டாள். சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உடனே கணக்குக்கு வந்துவிட்டாள்.

"சூப்பர்க்கா. பன்னெண்டாயிரம் வரவு இருக்குது. இனி முப்பத்தி நாலு பயணத்தையும், இறால், மருந்து, ஸ்பாஞ்சு எல்லாத்தையும் தாராளமா தொழில் செலவுல கழிச்சுக்கலாம். யாரும் கேக்க முடியாது."

"வேண்டாம். எல்லாத்தையும் வீட்டுச் செலவுக்கு மாத்து."

"என்னக்கா சொல்றீங்க? வரி ஏறும்."

"எவ்வளவு?"

தட்டிப் பார்த்தாள். "ஐந்நூத்தி எழுபத்திரெண்டு."

"கட்டறேன். அது தொழில் இல்ல."

ஒவ்வொரு புதன்கிழமையாக மாற்றினாள். முப்பத்து நான்கு முறை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்நூற்று எழுபத்திரண்டு ரூபாய் இவ்வளவு சந்தோஷமாகக் கட்டியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

கிளம்பும்போது சொன்னாள்: "அவர நீங்களே வேலைக்கு வெச்சுக்கலாமேக்கா. தொட்டி வேலையும் தெரிஞ்சுக்கிட்டாரு. சம்பளத்த அப்படியே செலவுல கழிக்கலாம். அழகா நிக்கும்."

பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே யோசித்தேன். சொல்வதற்கு வசதியான பேச்சு. சம்பளம் என்றால் அவரும் கூச்சப்படாமல் வருவார், நானும் கூச்சப்படாமல் கூப்பிடலாம். ஊரும் ஒன்றும் சொல்லாது.

மார்ச் 31, ஞாயிறு

இந்தப் பக்கத்தை யாரிடமும் கொடுக்கப்போவதில்லை.

ஓட்டல் சாவியை ஒப்படைத்துவிட்டு மத்தியானம் வந்தார். ஒரு சூட்கேஸ், ஒரு பை. நாலு மணி பஸ்ஸுக்குப் போவதாகவும் மீனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகவும் சொன்னார். மீன் தேறிவிட்டது. தொட்டியின் முழு நீளத்துக்கும் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. சோறு போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார்.

"திருப்பூர்ல என்ன சம்பளம் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டேன்.

"பன்னெண்டாயிரமுங்க."

"எனக்கு அவ்வளவெல்லாம் முடியாது."

"நான் உங்ககிட்ட வேலை கேக்கலீங்களே."

"நானும் சம்பளத்துக்குக் கூப்படல."

அவர் கையைச் சோற்றில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். இதற்குமேல் சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை. "போகாதீங்க. நீங்க இங்க இருக்கோணும். இந்த வூட்டுல. எனக்கு அதுதான் வேணும்" என்றேன்.

அவர் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எழுந்து போய்க் கை கழுவினார், தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நிர்மலா, மாமா பேசறேன் கண்ணு. நாளைக்கு நான் வரலீன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லிரு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். "இல்ல கண்ணு, நாளன்னிக்கும் வரல."